சொல்லிவிட்டுப் போகிறவர்

அந்த ஆஸ்பத்திரிக்குள் நுழைய நாலு வாசல் உண்டு. உயிரோடு வெளியே போக ஒரே ஒரு வாசல்தான். அந்த வாசலுக்குச் சீட்டுக் கொடுக்கும் இடத்தில் 'கேட் பாஸ்' அக்கா உட்கார்ந்திருந்தாள்.

எக்ஸ்ரே அறைக்கும் லிஃப்டுக்கும் நடுவே, கண்ணாடியில் அரைவட்ட ஓட்டை போட்ட கவுன்டர். மேலே 'டிஸ்சார்ஜ்' என்று பலகை. பெரிய டாக்டர் காலையில் ரவுண்ட்ஸ் வந்து, நல்லாயிட்டீங்க, வீட்டுக்குப் போகலாம் என்று தோளில் தட்டிவிட்டுப் போய்விடுவார். தட்ட இரண்டு விநாடி ஆகும். போக ஏழு மணி நேரம் ஆகும். எட்டு மணிக்கே போர்வையை மடித்து, ஃபிளாஸ்க்கைக் கழுவி, செருப்பை மாட்டிக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்காரும் நோயாளி, மதியம் ஒரு மணிக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடியும் படுத்துவிடுவார். மருந்தகத்திலிருந்து ஒரு கையெழுத்து வரவேண்டும். ரத்தப் பரிசோதனை அறையிலிருந்து ஒன்று. தலையணை உறை திரும்பி வந்துவிட்டது என்று வார்டு சிஸ்டரிடமிருந்து ஒன்று. எல்லாம் சேர்ந்த ஃபைல் அக்காவிடம் வந்தால், அவள் ஒரு கட்டத்தில் டிக் அடித்து, மஞ்சள் சீட்டைக் கிழித்துக் கொடுப்பாள். அந்தச் சீட்டு இல்லாமல் வாசல் செக்யூரிட்டி தன் சொந்த மாமனாரையே வெளியே விடவில்லை. மாமனார் அன்று கூடுதலாக ஒரு ராத்திரி தங்கி, கூடுதலாக ஒரு ஊசி போட்டுக்கொண்டு போனார்.

ஃபைலில் மொத்தம் ஐந்து கட்டங்கள். குணமாகிச் சென்றார். வேறு மருத்துவமனைக்குச் சென்றார். சொந்தப் பொறுப்பில் சென்றார். சொல்லாமல் சென்றார். ஐந்தாவது கட்டத்துக்காரர்களுக்குச் சீட்டு வெள்ளை நிறம், வாசல் பின்பக்கம், வரிசை கிடையாது. இந்த ஆஸ்பத்திரியில தாமதமில்லாம வெளியே போறது அவங்க மட்டும்தான் என்பாள் அக்கா. கேட்டவர் சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் 'அடுத்தவங்க' என்று கூப்பிட்டுவிடுவாள். சீட்டை வாங்கிக்கொண்டு வாய்ப்பழக்கத்தில் 'போயிட்டு வரேங்க' என்று கும்பிடுகிறவர்களுக்கும் அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது: "வராதீங்க. போங்க." சிலருக்கு அதில் மனவருத்தம். புகார்ப் பெட்டியில் இரண்டு கடிதங்கள்கூட விழுந்தன.

கிளம்புகிறவர்கள் சொல்லும் வார்த்தையை நம்பாத பழக்கம் அவளுக்கு வேலையில் வந்ததல்ல. பதினொரு வயதிலேயே வந்துவிட்டது. ஒருநாள் சாயங்காலம் அடுப்படி பல்பு எரிந்துபோனது. அப்பா ஸ்டூல் போட்டு ஏறி, பழைய பல்பைக் கழற்றிக் காதருகே ஆட்டிப் பார்த்துவிட்டு, புதுசு வாங்கிட்டு வரேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு போனார். கடை தெருமுனையில்தான் இருந்தது. அது நடந்து நாற்பது வருஷம் ஆகிறது. நல்ல பல்பாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது. அம்மா ஒரு வாரம் மெழுகுவத்தி வெளிச்சத்தில் சமைத்தாள். 'வரேன்னு சொல்லிட்டுத்தானே போனார், வந்துடுவார்' என்று அக்கம்பக்கத்தில் எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். எட்டாம் நாள் அம்மாவே தெருமுனைக்குப் போய் பல்பு வாங்கி வந்து மாட்டினாள். பல்பு வாங்கியது கடைசியில் அம்மாதான் என்று அக்கா பிற்பாடு சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் யாரும் கூடச் சேர்ந்துகொள்வதில்லை.

ஆகவே, கல்யாணமாகி ஐந்தாவது மாதம் அவள் கணவர் மாஸ்டர் முதன்முறையாக 'நான் வீட்டை விட்டுப் போறேன்' என்றபோது அவள் பயந்துதான் போனாள்.

மாஸ்டர் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். இரண்டு பக்கமும் பிரேக் வைத்த கார் ஒன்று, ஊர்ப்பட்ட மாணவர்கள். வண்டியை எப்படிக் கிளப்புவது என்று ஊருக்கே சொல்லிக்கொடுத்தாலும், அவர் கால் எப்போதும் பிரேக்கின்மேல்தான் இருக்கும். அன்றைக்குச் சண்டை எதற்கு என்றால், அவருடைய துண்டை எடுத்து அவள் மேஜை துடைத்துவிட்டாள். மாஸ்டர் நீல ரெக்சின் பையை எடுத்து, இரண்டு சட்டை, பல் தேய்க்கும் பிரஷ், அந்தத் துண்டு எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு வாசல்வரை போனார். திரும்பி வந்து மூக்குக்கண்ணாடி எங்கே என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தாள். மறுபடியும் போனார். மறுபடியும் வந்து, பாலுக்குச் சில்லறை அலமாரியில் இருக்கிறது என்றார். மூன்றாம் தடவைதான் உண்மையாகவே போனார். அவள் கேட்டைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். அரைமணி நேரத்தில் நாலு தெரு தள்ளியிருந்த நாத்தனாரிடமிருந்து போன் வந்தது.

"பார்சல் வந்து சேந்துடுச்சும்மா. ரெண்டு நாள்ல அனுப்பி வைக்கிறேன்."

நாத்தனார் மாஸ்டருக்கு மூத்தவர், அக்கா 'அண்ணி' என்று கூப்பிடுகிறவர், வாக்குத் தவறாதவர். சரியாக இரண்டாம் நாள் பார்சல் திரும்பி வந்தது, துவைத்து மடித்த துண்டோடு.

அதற்குப் பிறகு வருஷத்துக்கு இரண்டு தடவை என்று கணக்காகப் போய்வர ஆரம்பித்தார். டிவி ரிமோட்டுக்காக ஒருமுறை. அவர் குளித்துக்கொண்டிருந்தபோது யாரோ மோட்டாரை நிறுத்தியதற்காக ஒருமுறை. மகள் பெரியவளாகி, 'அப்பா டூர் போயிட்டாரா?' என்று கேட்க ஆரம்பித்தாள். அக்காவுக்குக் கோபம் வந்ததே தவிர, பயம் வரவில்லை. உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட இருந்தது. ஒரு மனுஷன் ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டு, பையில் ரத்த அழுத்த மாத்திரையை எண்ணிப் போட்டுக்கொண்டு, போகும்போது கேஸை மூடினாயா என்று விசாரித்துவிட்டுப் போகிறான் என்றால், அவனைப்போல வீட்டோடு கட்டுண்டவன் வேறு யார்? பல்பு வாங்கப் போகிறவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும்.

மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனாள். இந்த வருஷத் தொடக்கத்தில் நாத்தனாரும் வீட்டைக் காலிசெய்துவிட்டு, எட்டு மணி நேர பஸ் தூரத்தில் இருக்கும் மகன் வீட்டோடு போய்ச் சேர்ந்தார். மூட்டைகளை வண்டியில் ஏற்றியவரே மாஸ்டர்தான். இனிமேல் கோபித்துக்கொண்டு போக ஊரில் இடமில்லை என்பது அப்போது அவருக்கு உறைக்கவில்லை.

உறைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பரண்மேல் இருந்த பதினாலு வருஷத்து டிரைவிங் ஸ்கூல் காலண்டர்களை அக்கா பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டாள். போன வருஷம் திரும்பி வரவா போகிறது என்று அவள் கேட்டது மாஸ்டருக்குத் தாங்கவில்லை. நீலப் பை கீழே இறங்கியது. 'நான் போறேன்' என்றார். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை.

"போறதுன்னா போங்க. கதவைச் சாத்திட்டுப் போங்க, கொசு வருது."

இருபத்தைந்து வருஷத்தில் அவர் இப்படி ஒரு வழியனுப்புதலைப் பார்த்ததில்லை. மூக்குக்கண்ணாடி கேட்கத் திரும்பி வரவில்லை. மாத்திரையை எண்ணவில்லை. கதவை மட்டும் சாத்தினார். கோபத்திலும் கொசுவை உள்ளே விட அவருக்கு மனம் வரவில்லை.

கால் பழகிய பாதையில் நாலு தெரு நடந்து, பழகிய வீட்டுக் காலிங்பெல்லை அழுத்தினார். கையில் மாவோடு முன்பின் தெரியாத பெண் ஒருத்தி கதவைத் திறந்து, யார் வேணும் என்று கேட்டாள். மாஸ்டர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, கார் ஓட்டக் கத்துக்கிறீங்களா என்று கேட்டு, விசிட்டிங் கார்டு ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்தார். அங்கிருந்து பஸ் ஸ்டாண்டு போனார். நாத்தனார் ஊருக்குப் போகும் பஸ் கண்முன்னாலேயே இரண்டு தடவை கிளம்பிப் போனது. எட்டு மணி நேரம் கோபத்தைக் கட்டிக் காப்பது நடக்கிற காரியமா? பெஞ்சில் உட்கார்ந்து ஏழு வடை தின்றார்.

நாலு மணிக்கு நெஞ்சை அடைத்தது. வேர்த்தது. போனை எடுக்கக் கையை விட்டால், அது வீட்டில் சார்ஜரில் இருந்தது. நிஜமாகவே போய்விடுவோமோ என்ற பயம் வந்ததும் ஆட்டோ பிடித்து, கிட்டத்தில் இருந்த ஆஸ்பத்திரிக்குப் போனார். கிட்டத்தில் இருந்தது அக்காவின் ஆஸ்பத்திரிதான். ஞாயிற்றுக்கிழமை அவள் கவுன்டர் கிடையாது, டூட்டியில் இருந்தவர்கள் யாருக்கும் அவரைத் தெரியாது. ஒரு ராத்திரி படுக்க வைத்துப் பார்க்கலாம் என்றார்கள். காலையில் அவள் வருவதற்குள் கிளம்பிவிடலாம் என்று மாஸ்டர் கணக்குப் போட்டார். அந்த ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வர எவ்வளவு நேரம் ஆகும் என்று தினமும் சாப்பாட்டு வேளையில் கேட்டுக்கொண்டிருந்தவர் போட்ட கணக்கு அது.

வீட்டில் அக்கா போனுக்காகக் காத்திருந்தாள். பார்சல் வந்து சேர்ந்தது என்று சொல்ல ஆள் இல்லை. மாஸ்டருக்குப் போன் செய்தால் அலமாரிமேல் மணி அடித்தது. இரண்டு பேருக்குச் சமைத்ததை மூடி வைத்தாள். பழைய பேப்பர்காரர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்றுகூட ஒருதரம் யோசித்தாள். விடிந்ததும் வழக்கம்போல வேலைக்குப் போனாள். எங்கே போய்த் தேடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பத்தரை மணிக்கு இரண்டாம் மாடியிலிருந்து ஐந்து ஃபைல்கள் வந்தன. மூன்றாவதில் மாஸ்டரின் பெயர் இருந்தது. விலாசமும் அவளுடைய விலாசம்தான். அவள் எழுந்து நின்றுவிட்டாள். டாக்டர் குறிப்பைத் தேடினாள். இதயம் நன்றாக இருக்கிறது, ரத்தம் நன்றாக இருக்கிறது, ஏழு வடை சாப்பிட்டதால் வாயுத் தொல்லை, எண்ணெய்ப் பதார்த்தம் குறைக்கவும் என்று இருந்தது. உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். பிறகு முதல் பக்கத்தை நிதானமாகப் படித்தாள். வயதில் மூன்றைக் குறைத்திருந்தார். 'நெருங்கிய உறவினர்' என்ற இடத்தில், மாணவர்களுக்குப் போக்குவரத்து விதி எழுதிக் காட்டும் அதே குண்டு எழுத்தில், 'யாருமில்லை' என்று எழுதியிருந்தார்.

பயம் எழுந்து போன நாற்காலியில் கோபம் வந்து உட்கார்ந்தது. அக்கா அந்த ஃபைலை எடுத்து எல்லாவற்றுக்கும் அடியில் வைத்தாள்.

பதினொன்றுக்கு வார்டு சிஸ்டர் போன் செய்து, பன்னிரண்டாம் பெட்காரர் செருப்பு மாட்டி உட்கார்ந்திருக்கிறார் என்றார். உட்காரட்டும் என்றாள் அக்கா. ஒரு மணிக்கு, கழற்றிவிட்டுப் படுத்துவிட்டார் என்று செய்தி வந்தது. மூன்று மணிக்கு மாஸ்டரே இறங்கி வந்தார். கையில் ஆஸ்பத்திரிப் பட்டை, தோளில் நீலப் பை. முன்னால் ஆறு பேர் இருந்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது யார் என்று தெரிந்தும் வரிசையில்தான் நின்றார். சிக்னலில் நிற்பது அவருக்குப் பழக்கம்.

"அடுத்தவங்க," என்றாள் அக்கா.

மாஸ்டர் குனிந்து ஓட்டை வழியாகப் பார்த்தார். அவள் பேரைக் கேட்டாள். அவர் பின்னால் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் பேரைச் சொன்னார்.

"வயசு?"

சொன்னார்.

"ஃபைல்ல மூணு குறையுதே."

"அவசரத்துல சொல்லிட்டேன்."

"கூட யாரு வந்திருக்காங்க?"

மாஸ்டர் நீலப் பையைத் தோள் மாற்றிக்கொண்டார்.

"யாருமில்லன்னு போட்டிருக்கு சார். யாருமில்லாதவங்கள நாங்க தனியா அனுப்பறதில்ல. பொறுப்பெடுத்துக்க ஒருத்தர் வேணும்."

பின்னால் வலது கையில் மாவுக்கட்டோடு நின்றிருந்த ஆளுக்கு இரக்கம் பொங்கிவிட்டது. பாவம் பெரியவர், வேண்டுமானால் நான் கையெழுத்துப் போடுகிறேன் மேடம் என்றார். உங்கள் கை சரியானதும் போடலாம் என்று அக்கா அவரை அடக்கினாள். மாஸ்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வீட்டுக்குத்தான் போறேன்."

"யாருமில்லாத வீட்டுக்கா?"

"கோவத்துல எழுதிட்டேன்."

"கோவத்துல எழுதினதை அடிச்சுட்டு எழுதணும். பக்கத்துல சின்னதா கையெழுத்துப் போடணும். அதான் ரூல்."

ஃபைல் ஓட்டை வழியாக வெளியே வந்தது. கவுன்டர் பேனா நூலில் கட்டியிருந்தது, நூல் குட்டை. மாஸ்டர் கண்ணாடியோடு ஒட்டிக் குனிந்து, 'யாருமில்லை'யை அடித்துவிட்டு, பக்கத்தில் 'மனைவி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மூக்குக்கண்ணாடி இல்லாததால் எழுத்து கோட்டுக்கு வெளியே போனது. அக்கா அதை வாங்கிப் பார்த்தாள். 'பொறுப்பேற்பவர்' என்ற இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள். 'நோயாளிக்கு என்ன உறவு' என்ற இடத்தில் 'தெரிந்தவர்' என்று எழுதினாள். 'குணமாகிச் சென்றார்' என்ற கட்டத்தில் டிக் அடிக்கும்போது மட்டும் கொஞ்சம் தயங்கினாள்.

"அந்த பெஞ்சுல உக்காருங்க. அஞ்சு மணிக்குத்தான் நான் கிளம்ப முடியும். ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"ரசம் சாதம் குடுத்தாங்க."

"ம்."

ஐந்து மணிக்கு இருவரும் சேர்ந்து வாசலுக்கு வந்தபோது செக்யூரிட்டி கையை நீட்டினார். என் வீட்டுக்காரர் என்றாள் அக்கா. இருக்கட்டும் அக்கா, சீட்டு எங்கே என்றார் அவர். கவுன்டரைப் பூட்டும் அவசரத்தில் சீட்டை உள்ளேயே வைத்துவிட்டாள். திரும்பிப் போய்ப் பூட்டைத் திறந்து எடுத்து வரும்வரை மாஸ்டர் பையோடு வாசலில் நின்றார். போகிற வழியில், ஏழு வடையா என்று அவள் ஒருதரம் கேட்டாள். சின்ன வடைதான் என்றார் அவர்.

அதற்குப் பிறகு மாஸ்டர் எங்கும் போகவில்லை. நீலப் பையை அலசிக் காயப்போட்டுப் பரணில் ஏற்றினார். துண்டால் மேஜை துடைத்தாலும் மூச்சு விடவில்லை. ரிமோட்டைத் தானாகவே நீட்டினார். தெரிந்தவர்கள் கேட்டால் புண்ணியம் என்று சொல்லியிருப்பார்கள். அக்காவுக்கு மட்டும் இருப்புக்கொள்ளவில்லை. போகிறேன் போகிறேன் என்ற மனுஷன் இப்போது பால் வாங்கப் போனாலும் வாயைத் திறக்காமல் போகிறார். திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம், செருப்பையும் காணோம். அவள் ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருந்தாள். அப்பா டூர் போவதை நிறுத்தினால் நல்லதுதானே என்றாள் போனில் மகள். உனக்கு ஒண்ணும் தெரியாது என்று அக்கா வைத்துவிட்டாள்.

மூன்று மாதம் பொறுத்தாள். ஒரு வியாழக்கிழமை அவளே பரணில் ஏறி நீலப் பையை இறக்கினாள். அதில் நாலு புடவைகளை அடுக்கினாள். மாஸ்டர் அறை வாசலில் வந்து நின்றார்.

"எங்க?"

"அண்ணி ஊருக்கு. காலைல பஸ். நாலு நாள்."

"சண்டையா?"

"இல்லை. லீவு சேந்து கிடக்கு. இருபத்தஞ்சு வருஷமா எல்லாரையும் அனுப்பிக்கிட்டே இருக்கேன். நானும் ஒருதரம் போறேன்."

"போறேன்னு சொல்லாத. போயிட்டு வரேன்னு சொல்லு."

அக்கா பையின் ஜிப்பை இழுத்தாள்; அது பாதியில் நின்றது. "அப்படிச் சொல்லிட்டுப் போனவர் லட்சணத்தை நான் பாத்திருக்கேன். போறேன்னு சொல்லிட்டுப் போனவர் ஒவ்வொரு தடவையும் வந்திருக்கார். அதனால, போறேன்."

மாஸ்டருக்கு அவள் அப்பா கதை தெரியும். பல்பு கதையை அவள் சிரித்துக்கொண்டு சொல்லித்தான் கேட்டிருக்கிறார். இப்போது சிரிக்காமல் சொன்னதைக் கேட்டதும் உள்ளே போய் ஒரு ஊக்கு எடுத்து வந்து, ஜிப் நின்ற இடத்தில் குத்திக் கொடுத்தார்.

காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு அவரும் வந்தார். யாரையும் வழியனுப்பிப் பழக்கமில்லை. எங்கே நிற்பது, கையை ஆட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் திணறினார். பஸ்ஸைப் பின்னால் எடுக்கத் தொடங்கியதும் அவருக்கு வேலை கிடைத்துவிட்டது. ஓடிப்போய் பஸ்ஸின் பின்பக்கம் நின்றுகொண்டு, 'வரலாம், வரலாம், ரைட்ல ஒடிங்க, போதும்' என்று கத்தினார். டிரைவர் முப்பது வருஷம் ஓட்டியவர். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து எதையோ முணுமுணுத்தார். பஸ் தெருவில் திரும்பும்வரை மாஸ்டர் நடுவில் நின்று மற்ற வண்டிகளை நிறுத்தி வைத்திருந்தார். அக்கா கையாட்டியதை அவர் பார்க்கவில்லை. ஒரு லாரியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

நாலு நாள் என்று போனவள் ஆறாம் நாள்தான் திரும்பினாள். நாத்தனார் விடவில்லை என்பது ஒரு காரணம். யாருக்கும் சீட்டுக் கிழிக்காமல் காலை பத்து மணிவரை சும்மா உட்கார்ந்திருப்பது நன்றாக இருந்தது என்பது இன்னொரு காரணம். பஸ்ஸிலிருந்து நெடுஞ்சாலை நிறுத்தத்திலேயே இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து மதியம் வீட்டுக்கு வந்தால், கதவு பூட்டியிருந்தது. சாவி மாஸ்டரிடம். போன் செய்தால் உள்ளே மணி அடித்தது. படியில் பையை வைத்து அதன்மேல் உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, நேற்றும் முந்தாநாளும்கூட இதே நேரத்துக்குப் பூட்டிக்கொண்டு போனார் என்றாள். எங்கே என்று கேட்டதற்கு, அவர்தான் இப்போதெல்லாம் யாரிடமும் சொல்வதில்லையே என்றாள். அரைமணி போனது. இன்னும் ஒரு அரைமணி போனது. அவள் எழுந்து செருப்பை மாட்டினாள், கழற்றினாள், மறுபடியும் மாட்டினாள்.

தெருமுனையில் மாஸ்டர் வந்துகொண்டிருந்தார், வெயிலில் முகம் சிவந்து, சட்டை முதுகோடு ஒட்டி. அவளைப் பார்த்ததும் நடை நின்றது. பிறகு வேகமாக வந்தார். மூன்று நாளாக பஸ் ஸ்டாண்டில் ஒவ்வொரு பஸ்ஸாக எட்டிப் பார்த்து நிற்கிற கோபம் முழுவதும் குரலில் இருந்தது.

"நான் அங்க வெயில்ல காயறேன், நீ பாட்டுக்கு வந்து உக்காந்திருக்க. வரும்போது சொல்லிட்டு வரமாட்டியா?"

"சாவியைக் குடுங்க," என்றாள் அக்கா. "உள்ள போய்ச் சண்டை போடலாம்."